கோல் விழும்போது அதில் எத்தனை கை இருந்தது?

வணக்கம் டீச்சர். நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 2 எடுக்கிறீர்கள். அடுத்த மாதம் பள்ளியில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. சேர்ந்து விளையாடுவதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று, தமிழில் பேசும் ஒரு கார்ட்டூனைப் போனில் போட்டுக் காட்டினீர்கள். காட்டு விலங்குகளுக்குள் போட்டி. மான்குட்டி வேகமாக ஓடும், யானைக்குட்டி மெதுவாக ஓடும். ஒருவர் மாறி ஒருவர் கோலைக் கைமாற்றி ஓடும் அஞ்சல் ஓட்டத்தில் யானைக்குட்டி கோலைக் கொடுக்கும்போது அது கீழே விழுந்துவிடுகிறது. எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள். அப்புறம் சமாதானமாகி, சேர்ந்து ஓடிக் கிண்ணத்தைத் தூக்குகிறார்கள். பிள்ளைகள் கைதட்டிப் பார்த்தார்கள். மறுநாள் மைதானத்தில் பின்தங்கி ஓடிய ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து நாலைந்து பேர் "யானை, யானை" என்று கத்த, அவள் அழுதுகொண்டே வகுப்புக்குள் போய்விட்டாள். "படம் தப்பா, நான் காட்டிய விதம் தப்பா? அந்தப் பிள்ளையை அஞ்சல் ஓட்டத்தில் சேர்க்கலாமா, வேண்டாமா?" இதுதான் உங்கள் கேள்வி.

சேர்க்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் படம்.

நான் முப்பது வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன், பெரும்பாலும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பள்ளிகளில். நீங்கள் அனுப்பிய படத்தை இரண்டு தரம் பார்த்தேன். இரண்டாம் தரம் மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். படம் ஏறக்குறைய பதினொரு நிமிடம். அதில் ஏழு நிமிடத்துக்கு மேல் யானைக்குட்டியைக் கேலி செய்வதும் திட்டுவதும்தான். குரங்கு அதைப் போல நடந்து காட்டுகிறது. கிளி பாட்டுக் கட்டிப் பாடுகிறது. அந்த இடங்களில்தான் சிரிப்புச் சத்தம், அந்த இடங்களில்தான் நல்ல மெட்டு. மன்னிப்புக் கேட்பது, தோளில் கைபோடுவது, சேர்ந்து ஓடுவது எல்லாம் கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆறு ஏழு வயதுப் பிள்ளை எதை வீட்டுக்குக் கொண்டுபோகும்? அதிக நேரம் பார்த்ததையும் சிரித்துச் சிரித்துப் பார்த்ததையும்தான். உங்கள் பிள்ளைகள் படத்தை விளங்காமல் பார்க்கவில்லை. படத்தில் எது கூடுதலாக இருந்ததோ அதை அப்படியே கற்றுக்கொண்டார்கள்.

இதை ஆராய்ச்சி செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மேரி லூயிஸ் மேர்ஸ், எமிலி அகோஸ்டா என்ற இருவர் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'கிளிஃபோர்ட்' என்ற பெரிய சிவப்பு நாயின் கார்ட்டூனில் ஓர் அத்தியாயத்தைப் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். மூன்று கால் உள்ள ஒரு நாய் வருகிறது. மற்ற நாய்கள் முதலில் அதைக் கண்டு பயந்து விலகுகின்றன, பிறகு சேர்த்துக்கொள்கின்றன. நம்மைப் போல இல்லாதவரையும் சேர்த்துக்கொள் என்பது கதை சொல்லவந்த பாடம். பிள்ளைகளிடம் கேட்டபோது, மூன்று கால் நாய்க்கு அன்பு காட்ட வேண்டும் என்கிற அளவில் பலர் நின்றுவிட்டார்கள். நாயிலிருந்து மனிதருக்குத் தாவ அவர்களால் முடியவில்லை. அதே இருவர் 2010இல் இன்னொன்று செய்தார்கள். படத்துக்கு இடையிடையே, இது எதைப் பற்றியது என்று நேராகச் சொல்லும் சிறு துண்டுகளைச் சேர்த்துக் காட்டினார்கள். அப்போது பிள்ளைகளுக்குக் கூடுதலாக விளங்கியது. அந்தச் சிறு துண்டின் வேலையை உங்கள் வகுப்பில் நீங்களே செய்யலாம், டீச்சர்.

2006இல் வந்த வேறொரு ஆய்வு இன்னும் மனதை உறுத்துவது. ஆஸ்ட்ரோவ், ஜென்டைல், கிரிக் என்ற மூவர் முன்பள்ளிப் பிள்ளைகளை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கல்வி நிகழ்ச்சி என்று பெயர்பெற்றவற்றை அதிகம் பார்த்த பிள்ளைகளிடம், "உன்னைச் சேர்க்கமாட்டேன்", "உன்னோடு பேசமாட்டேன்" என்கிற வகைச் சண்டை கூடுதலாக இருந்தது. சண்டை நீளமாகவும் தீர்வு கடைசியில் அவசரமாகவும் வருவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். உங்கள் படத்துக்கு மணிக்கூடு வைத்துப் பார்த்த பிறகு எனக்கு அதை நம்ப வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஆனால் படத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. எடுத்தவர்களே அதைக் கவனித்தார்களோ தெரியாது. கோல் விழுகிற இடம். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். யானைக்குட்டி தும்பிக்கையை நீட்டுகிறது, கோல் மான்குட்டியின் கையில் படுகிறது, ஆனால் மான்குட்டி அதைப் பார்க்கவே இல்லை. முன்னால் கோட்டைப் பார்த்தபடி, இறுக்கிப் பிடிக்கும் முன்பே பாய்ந்துவிட்டது. அடுத்த காட்சியில் எல்லோரும் யானைக்குட்டியைப் பார்த்துக் கத்துகிறார்கள்.

அந்த இடத்தில் போனை நிறுத்துங்கள். பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி: "கோல் விழும்போது அதில் எத்தனை கை இருந்தது?"

முதலில் "ஒண்ணு" என்பார்கள். இன்னொரு தரம் போட்டுக் காட்டுங்கள். யாராவது ஒரு பிள்ளை, பெரும்பாலும் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை, "ரெண்டு டீச்சர், மானோட கையும் இருந்திச்சு" என்று சொல்லும். அதுதான் உங்கள் பாடம். அதற்குமேல் விளக்க வேண்டாம். உடனே வெளியே கூட்டிப் போய், கையில் ஒரு தடியைக் கொடுத்து இரண்டிரண்டு பேராக நிற்க வையுங்கள்.

அஞ்சல் ஓட்டத்தின் விதிகளே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன. 4x100 மீற்றரில் கோல் கைமாறுவதற்கென்று 30 மீற்றர் நீளமுள்ள ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் மாறியதா என்று பார்க்கும்போது ஓடுகிறவரின் கால் எங்கே இருந்தது என்று பார்ப்பதில்லை, கோல் எங்கே இருந்தது என்றுதான் பார்க்கிறார்கள். ஓட்டம் முழுக்க அந்தக் கோலினுடையது, மனிதர்கள் அதைச் சுமந்து போகிறார்கள். கோல் கீழே விழுந்தால் அணி அந்த இடத்திலேயே வெளியேறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கையிலிருந்து தவறவிட்டவரே அதை எடுத்து, யாருக்கும் இடைஞ்சல் செய்யாமல் தொடர்ந்து ஓடலாம். இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். கோல் விழுந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றுவிடுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குனிந்து எடுத்து ஓடலாம் என்று யாருமே அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் ஆண்கள் அணி 4x100 மீற்றரில் வெள்ளி வாங்கியது. அந்த நாலு பேரில் ஒருவர்கூட அதுவரை 100 மீற்றரைப் 10 செக்கனுக்குள் ஓடியதில்லை. அப்படியென்றால் நாலு பேரின் நேரத்தையும் கூட்டினால் 40 செக்கனுக்குக் குறையாது. ஆனால் அவர்கள் ஓடி முடித்தது 37.60 செக்கனில். மிச்ச நேரம் எங்கிருந்து வந்தது? கோலை வாங்குகிறவர் நின்ற இடத்திலிருந்து புறப்படுவதில்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டே வாங்குகிறார். அந்த ஓட்டமும் கை நீட்டலும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். கீழிருந்து மேலாகக் கோலைக் கொடுக்கும் முறையை அவர்கள் அலுக்காமல் பயிற்சி செய்தார்கள். மறுபக்கம், 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே முதல் சுற்றிலேயே கோலைத் தவறவிட்டு வெளியேறின. உலகத்திலேயே வேகமான கால்கள் கொண்ட எட்டுப் பேர் அங்கே இருந்தும் அப்படி நடந்தது.

நானும் வேகமான கால்களை மட்டும் பார்த்த காலம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வலய மட்டப் போட்டிக்கு என் பள்ளியில் நூறு மீற்றரில் முதல் நாலு இடம் வந்த பையன்களை அப்படியே அஞ்சல் அணியாக்கிக் கூட்டிப் போனேன். கோல் கொடுக்கும் பயிற்சி மொத்தமே இரண்டு நாள். மூன்றாவது கைமாறலில் கோல் விழுந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில், எல்லோர் முன்னாலும், கொடுத்த பையனைத் திட்டினேன். வாங்கின பையனை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் அவன்தான் பள்ளியிலேயே வேகமானவன். திட்டு வாங்கியவன் அடுத்த வருஷம் விளையாட்டுக்கே வரவில்லை. நான் கூப்பிட்டபோது "வேணாம் சேர்" என்று மட்டும் சொன்னான். உங்கள் படத்தில் யானைக்குட்டி மரத்துக்குப் பின்னால் போய் உட்காருகிற காட்சி வந்தபோது எனக்கு அந்தப் பஸ்தான் நினைவுக்கு வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குச் 'சேர்ந்து செய்வது' புதிய விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களின் அம்மாமார் மலையில் தினமும் செய்வதுதான். என் அம்மாவும் கொழுந்தெடுத்தவர். ஆளுக்கொரு நிரை பிடித்து ஏறும்போது, காய்ச்சலோ கால்வலியோ என்று ஒருவர் பின்தங்கினால், பக்கத்து நிரைக்காரர் தன் கைக்கெட்டுகிற நாலு செடியை அவருக்காக எடுத்துவிட்டுப் போவார். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதற்குப் பெயர் வைத்துப் பேசியதில்லை. படத்தைப் பார்த்து முடித்ததும் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "உங்கம்மா நிரையில பின்தங்கினா யாரு கை குடுப்பாங்க?" பக்கத்து லயத்து வீட்டு அத்தையின் பெயரும் சின்னம்மாவின் பெயரும் உடனே வரும். மான்குட்டியிலிருந்து மனிதருக்குத் தாவ முடியாத பிள்ளை, அம்மாவிடமிருந்து தன் வகுப்புத் தோழிக்குச் சுலபமாகத் தாவும்.

அடுத்தது கயிறு. உங்கள் போட்டியில் கயிறிழுத்தல் கட்டாயம் இருக்கும். ஆள் கூடக் கூடப் பலமும் அதே அளவு கூடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் இதை அளந்து பார்த்து 1913இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவர் கொடுக்கும் பலத்தை நூறு என்று வைத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்குப் பாதி அளவுதான் வந்தது. ஒரே நேரத்தில் இழுக்காததால் கொஞ்சம் வீணாகிறது. மற்றவர்கள் இழுப்பார்கள்தானே என்ற நினைப்பில் கொஞ்சம் குறைகிறது. 1974இல் இங்கம் என்பவரும் கூட்டாளிகளும் ஆட்களின் கண்ணைக் கட்டி, பின்னால் நின்றவர்களை இழுப்பது போல நடிக்கவைத்துச் சோதித்தார்கள். உண்மையில் தான் ஒருவரே இழுத்துக்கொண்டிருந்தும், பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நம்பியவர் பலத்தைக் குறைத்துக்கொண்டார்.

இதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. முதல் குறைக்குத் தாளம். தோட்டத்தில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கயிறிழுக்கும்போது, வெளியே நிற்கிற ஒருவர் "ஏலேலோ" போட, உள்ளே நிற்பவர்கள் "ஐலசா"வில் ஒன்றாகச் சாய்வதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்தத் தாளம் போடும் வேலையை வகுப்பிலேயே ஒல்லியான, இழுக்கப் பயப்படுகிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். இரண்டாவது குறைக்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் இதுதான் உன் வேலை என்று பெயர் சொல்லி ஒன்றைக் கொடுங்கள்: நீ முதல் ஆள், குதிகாலை ஊன்று, நீ கடைசி ஆள், கயிறு தளராமல் பார். தன் வேலை தனியாகத் தெரிகிறது என்றால் சோம்பல் தானாகக் குறையும்.

கயிற்றைப் பற்றிப் பேசும்போது ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1954இல் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 22 பையன்களை ஒரு முகாமுக்குக் கொண்டுபோய் இரண்டு அணியாகப் பிரித்தார். கயிறிழுத்தல், பேஸ்போல் என்று போட்டி வைக்க வைக்க, ஓர் அணி மற்ற அணியின் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள், சேர்த்துப் படம் காட்டினார்கள்; ஒன்றும் சரிவரவில்லை. அப்புறம் சாப்பாடு கொண்டுவரும் லொறி கிளம்பவில்லை என்று ஒரு நிலைமையை உண்டாக்கினார்கள். இரண்டு அணியும் சேர்ந்து, முன்னால் ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்த அதே கயிற்றை லொறியில் கட்டி இழுத்தார்கள். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சில வேலைகளைச் சேர்ந்து செய்த பிறகுதான் பகை தணிந்தது. பிள்ளைகளை வைத்து அப்படிச் சோதித்தது சரியா என்று எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் அந்தக் கயிறு எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் மைதானத்தில் பழைய டயர் ஒன்றில் மண்மூட்டையை ஏற்றி, இரண்டு இல்லத்துப் பிள்ளைகளும் ஒரே பக்கம் நின்று இழுத்து, சரிவில் மேலே கொண்டுவரட்டும். நம் பள்ளி மைதானங்கள் ஒரு பக்கம் சரிந்திருப்பதை நான் எத்தனையோ நாள் நொந்திருக்கிறேன். இந்த விளையாட்டுக்கு அந்தச் சரிவுதான் வசதி.

படத்தில் எனக்குப் பிடிக்காத இன்னொன்று அந்தக் கிண்ணம். யானைக்குட்டியைச் சேர்த்துக்கொண்டார்கள், அதனால் ஜெயித்தார்கள் என்று கதை முடிகிறது. ஜெயிக்காவிட்டால்? பிள்ளைகளிடம் அதையும் கேளுங்கள்: "அவங்க சேர்ந்து ஓடி ரெண்டாவதா வந்திருந்தா, யானைக்குட்டிய மறுபடி திட்டியிருப்பாங்களா?" இதற்கு வருகிற பதில்களைக் குறுக்கிடாமல் கேளுங்கள். சிலர் "ஆமா" என்பார்கள். உண்மையைச் சொல்கிறார்கள், கண்டிக்க வேண்டாம்.

நிஜக் கதையும் சொல்லலாம். முரளியைத் தெரியாத பிள்ளை மலையகத்தில் இல்லை. தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரின் பேரன், கண்டியில் பிறந்தவர், டெஸ்டில் 800 விக்கெட். 2010 ஜூலையில் காலியில் விழுந்த அந்த எண்ணூறாவது விக்கெட் எப்படி விழுந்தது? பந்து பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்டு ஸ்லிப்பில் நின்ற மஹேல ஜயவர்தனவின் கைக்குப் போனது. முரளியின் பந்தில் மஹேல பிடித்த பிடிகள் மட்டும் 77. பெண்பிள்ளைகளுக்குத் தர்ஜினி சிவலிங்கத்தைச் சொல்லுங்கள். 2.08 மீற்றர் உயரம். 2018இலும் 2022இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் இருந்தவர். அவ்வளவு உயரம் இருந்தும், வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, மூன்று செக்கனுக்கு மேல் கையில் வைத்திருக்கவும் முடியாது. யாராவது பந்தை அவருக்கு எட்டவைத்தால்தான் வளையத்துக்குள் போடலாம். எத்தனை கை என்று இங்கேயும் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், ஆர்வமாக எண்ணுவார்கள்.

சரி, அந்தப் பிள்ளைக்கு வருவோம்.

கேலி செய்தவர்களை வரிசையில் நிற்கவைத்து அவளிடம் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். எல்லோரும் மறுபடி அவளையே பார்ப்பார்கள். மெதுவாக அவளைத் தனியே கூப்பிட்டு, கோல் வாங்கிக் கொடுக்கும் வேலையைக் கற்றுக்கொடுங்கள். கையை அசையாமல் பின்னால் நீட்டுவது, கோல் உள்ளங்கையில் பட்டதும் மூடுவது, கொடுக்கும்போது வாங்குகிறவர் பிடித்தது கையில் தெரியும்வரை விடாமலிருப்பது. இதற்கு வேகம் வேண்டாம், நிதானம் வேண்டும். மெதுவாக ஓடுகிற பிள்ளைகளிடம் பல தரம் அது இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் அவள் கை பழகிவிடும். அப்புறம் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க அவளையே கூப்பிடுங்கள், காரணம் சொல்லாமல்.

ஓட்டத்தில் அவளை இரண்டாவது ஆளாக வையுங்கள். முதல் ஆளுக்குப் புறப்படும் பதற்றம், கடைசி ஆளை எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாவது ஆள் அமைதியாகத் தன் பங்கை ஓடலாம். அவளிடமிருந்து வாங்குகிற மூன்றாவது ஆளாக, அன்று அதிகமாகக் கத்தின பிள்ளையை வையுங்கள். இருவரும் தினமும் பத்துத் தரம், முதலில் நின்றபடி, பிறகு நடந்தபடி, அப்புறம் ஓடியபடி மாற்றிப் பழகட்டும். ஒருவர் கையை ஒருவர் நம்பாமல் அது நடக்காது. உங்கள் போனிலேயே நேரத்தைப் பிடித்து, நாலு பேரின் மொத்த நேரத்தையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொருவரின் தனி நேரம் வேண்டாம். நேற்றைய மொத்தத்தை இன்று குறைத்தார்களா என்பதே போட்டி.

கோலுக்கு அலைய வேண்டாம். போட்டிக் கோல் 28 முதல் 30 சென்ரிமீற்றர் இருக்கும், ஏழு வயதுக் கைக்கு அது நீளம். பீவிசி பைப்பில் 20 சென்ரிமீற்றர் வெட்டி, இரண்டு முனையையும் அரத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், வெட்டின விளிம்பு பிஞ்சுக் கையைக் கிழிக்கும். நடுவில் பழைய துணி நாடாவைச் சுற்றிவிட்டால் காலைப் பனியில் வழுக்காது. கடதாசிக் குழாய் வேண்டாம், ஒரு தூறலிலேயே ஊறிப்போகும்.